சும்மா விட்டாலே காய்க்கும்

வீட்டில் காய்கறி வளர்ப்பவர்களில் பல இனங்கள் உண்டு. வளர்த்ததைத் தானே தின்பவர், அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுக் கொடுத்ததை அடுத்த காய்ப்பு வரைக்கும் சொல்லிக்காட்டுபவர், விதை வாங்குவதோடு விவசாயத்தை முடித்துக்கொள்பவர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவர்களால் உலகத்துக்குப் பெரிய தீங்கு இல்லை. நாம் பார்க்கப்போவது இவர்களுக்கெல்லாம் மேலே, மொட்டைமாடியில் ஒரு பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருக்கும் உயர்ந்த இனத்தை. இவர் தோட்டத்தில் எதுவுமே செய்யமாட்டார். தண்ணீர் விடமாட்டார், களை பிடுங்கமாட்டார், மண்ணைக் கிளறமாட்டார், மருந்து என்ற பேச்சையே எடுக்கமாட்டார். ஆனால் காய்க்கும். எப்படிக் காய்க்கிறது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் செருப்பை மாட்டுவதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மாடிப்படியில் இறங்கி வருவார், கையில் ஒரே ஒரு கத்தரிக்காய் இருக்கும். பையில் போட்டுக்கொள்ளலாம். போடமாட்டார். காம்பைப் பிடித்து, விளக்கைப் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டிக்கொண்டு வருவார். எதிரே ஏறுகிறவர் “கத்தரிக்காயா?” என்று கேட்டால் மாட்டிக்கொண்டார். கேட்காவிட்டாலும் மாட்டிக்கொண்டார். “என்னன்னு கேக்கலையே?” என்பார்.

அதன்பிறகு மளிகைப் பையோடு நிற்பவரின் தோள் வலிப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. காட்டுக்கு யாரு தண்ணி ஊத்தறா என்பார். மலையில் யாரு களை எடுக்கறா என்பார். நாம தலையிடறதாலதான் எல்லாம் கெட்டுப்போகுது என்பார். ‘புழு வராதா?’ என்று நீங்கள் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டால், பச்சைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்த்துச் சிரித்து, “அதுக்கும் வயிறு இருக்கில்ல?” என்பார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போவீர்கள். மறுநாள் உங்கள் தொட்டியில் இருக்கும் தக்காளிச் செடியைச் சும்மா விடுவீர்கள். அது செத்துப்போகும். உங்களிடம் என்ன குறை என்று யோசித்துக்கொண்டு படுப்பீர்கள்.

நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்த நம் ஆளுக்குச் சும்மாக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார். காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அங்கேயும் அவர் மேசையில் கோப்பு தேங்கியதே கிடையாது. காலையில் வரும், மாலையில் போய்விடும். நடுவில் அதற்கு என்ன நேர்ந்தது என்று அடுத்த மேசை எழுத்தர் அம்மாளைக் கேட்டால் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. ஆகவே, நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் காரியம் தானே நடக்கும் என்ற அனுபவ ஞானத்தோடுதான் அவர் ஓய்வுபெற்று மாடி ஏறினார்.

அவருடைய முறையைக் குறைசொல்ல வரவில்லை. தொட்டி மண்ணின்மேல் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பரப்பி, அதன்மேல் காய்ந்த சருகைக் கனமாகப் போட்டு மூடிவிடுவார். அதற்கு மூடாக்கு என்று பெயர். நல்ல ஏற்பாடுதான். ஈரம் சீக்கிரம் காயாது, களை தலை தூக்காது, வேலையும் பாதியாகக் குறையும். பாதிதான் குறையும். மீதிப் பாதி எங்கே போயிற்று என்பதுதான் விஷயம்.

மீதிப் பாதி தினமும் காலையில், அவர் போர்வைக்குள் ஒரு புரட்டுப் புரண்டுகொண்டிருக்கும்போதே, வாளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடும். அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். தைக்க உட்காருவதற்கு முன்னால் மேலே போய், சருகை விரலால் விலக்கி ஈரம் பார்த்து, காய்ந்த தொட்டிக்கு மட்டும் வேரோரமாகத் தண்ணீர் விட்டு, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் புழுவைப் பொறுக்கி, வெண்டைச் செடியில் வெள்ளையாக அப்பியிருக்கும் மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, சாய்ந்த தக்காளிக் கிளையை தையலில் மிஞ்சிய ரவிக்கைத் துணிக் கிழிசலால் குச்சியோடு சேர்த்து இளக்கமாகக் கட்டிவிட்டு இறங்குவாள். சாயங்காலம் அவர் செய்தி கேட்கக் கீழே போன பிறகு மறுபடி ஒரு நடை. சுரைப்பூ பொழுது சாய்ந்துதான் விரியும். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுவாள். அப்படித் தடவினால்தான் அந்த உயரத்தில், வண்டு வராத மாடியில், பிஞ்சு நிற்கும்.

இதையெல்லாம் அவள் ஒளித்துச் செய்தாளா? இல்லவே இல்லை. வாளியும் கையுமாக அவர் முன்னாலேயே நடந்திருக்கிறாள். அவர் காலைத் தூக்கி வழிகூட விட்டிருக்கிறார். ஆனால், கட்டினவள் வாளியோடு நடப்பது ஒரு செய்தியா? காற்று அடிக்கிறது, காக்கை கத்துகிறது, இவள் வாளியோடு போகிறாள். நுங்கை வெட்டினவன் ஒருவன், நோகாமல் தின்றவன் ஒருவன் என்பார்களே, அந்த இரண்டாம் ஆசாமிக்கு முதல் ஆசாமி இருப்பதே தெரியாமல் போனால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தார் சும்மாக்காரர்.

வினை மூன்றாம் மாடி வக்கீல் வடிவில் வந்தது. மாடியில் தனக்குத் துணி காயப்போட இடமில்லை, பொது இடத்தை ஒருவர் காடாக்கி வைத்திருக்கிறார், தொட்டிகளை எடுக்கவேண்டும் என்று குடியிருப்புச் சங்கத்தில் புகார் சொன்னார். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். யாரையும் நோகடிக்காமல் பிடுங்குகிறவர். அவர் ஒரு வழி சொன்னார். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு எல்லோருமாக மாடிக்குப் போய்ப் பார்ப்பது. தண்ணீர்ச் செலவில்லாமல், ஆள் செலவில்லாமல் காய்க்கிறது என்பது உண்மையானால் முழு மாடியையும் சும்மாக்காரர் பொறுப்பில் விட்டு, எல்லார் வீட்டுக்கும் காய் விளைவிக்கச் சொல்வது. உண்மை இல்லையென்றால் அன்று மாலைக்குள் தொட்டிகள் கீழே இறங்கவேண்டும்.

சும்மாக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது. அன்றே நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்.

அந்த ஒத்திகைக்கு நடுவில்தான் மனைவி வந்து நின்றாள். வெளியூரில் அவளுடைய அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. உதவிக்கு ஆள் இல்லை.

“அக்கா எழுந்து நடமாட ரெண்டு வாரமாவது ஆகுமாம். நான் போய்ட்டு வந்துடறேன்.”

“தாராளமா போ.”

“அந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாக்க வராங்களே. மாடியை…”

“மாடிக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல, சாயங்காலம் மட்டும் அந்தச் சுரைப்பூவை…”

அவ்வளவுதான். சும்மாக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூவை மனிதன் தொடலாமா என்பதில் தொடங்கி, காட்டுக்குப் போய், மலை ஏறி, தலையிடுவதன் தீமைகளைச் சுற்றிவந்து, செடிக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரியும் என்று முடித்தார். வெளியூர் போகிறவள் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“முடிச்சிட்டீங்களா?”

“முடிச்சிட்டேன்.”

“அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

அவள் மாடிக்குப் போய் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊருக்குப் புறப்பட்டாள். கவிழ்த்த சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது. கேட்கவேண்டியவர் ஒத்திகையில் இருந்தார்.

முதலில் கத்தரிதான் தலையைத் தொங்கப்போட்டது. சும்மாக்காரர் பார்த்தார். செடி ஓய்வெடுக்கிறது என்று தீர்மானித்தார். பிறகு வெண்டை இலையின் ஓரம் மடங்கியது. வெயிலுக்குக் குடை பிடிக்கிறது, என்ன அறிவு பாருங்கள் என்று எதிர்ப்பட்டவரிடம் சொன்னார். கொடியில் விரல் நீளம் வந்திருந்த சுரைப்பிஞ்சுகள் மஞ்சளாகி, வெம்பி, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தபோதுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் அல்லவா? வெயிலைத் திட்டினார். விதைக் கடைக்காரரைத் திட்டினார். வக்கீல் வீட்டுக் குளிரூட்டி வெளியே விடும் சூட்டில்தான் செடி வாடுகிறது என்று ஒரு நாள் முழுக்க நம்பினார். புழுக்கள் மட்டும் அவரிடம் குறை வைக்கவில்லை. வயிறு இருக்கிறதே, ஆளுக்கொரு இலையாகப் பங்கு பிரித்துக்கொண்டு தின்றன.

கொள்கைக்காரர் ஒருவர் தண்ணீர் ஊற்றுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவேண்டிய காட்சி. யாரும் மாடிக்கு வராத உச்சிவெயிலாகப் பார்த்து, குளியலறை வாளியைத் துண்டால் போர்த்தி, துவைத்த துணி கொண்டுபோவதுபோல் எடுத்துப்போனார். எந்தச் செடிக்கு எவ்வளவு என்று தெரியாததால் முதல் தொட்டிக்கே வாளியைக் கவிழ்த்தார். சருகெல்லாம் மிதந்து, மண் கரைந்து, தொட்டியின் அடியில் ஒழுகி, தூம்புக் குழாய் வழியாக ஓடி, மூன்றாம் மாடியில் காய்ந்துகொண்டிருந்த வக்கீலின் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. வக்கீல் தலையை வெளியே நீட்டினார்.

“மேல யாரு தண்ணி ஊத்தறது?”

“யாரும் இல்லையே. பனியா இருக்கும்.”

“மத்தியானத்துலயா?”

சும்மாக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை மனைவிக்குத் தொலைபேசினார். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், செடி பிழைத்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வி இந்த இனத்தாருக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கும். அக்காவின் காலைப் பற்றி விசாரித்தார். அங்கே வெயில் எப்படி என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உங்க அக்கா வீட்லகூடச் செடி இருந்துச்சே. அதுக்கெல்லாம் யாரு… சும்மா கேக்கறேன்.”

“அக்காதான் பாத்துப்பா. இப்ப நான்.”

“எவ்வளவு ஊத்துவ?”

“எதை?”

“ஒண்ணுமில்ல.”

இப்போது அவள் கேட்டாள்.

“நம்ம செடியெல்லாம் எப்படி இருக்கு?”

“பிரமாதமா இருக்கு.”

“அது பாட்டுக்கு இருக்கா?”

“அது பாட்டுக்கு இருக்கு.”

“அப்ப சரி” என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. மாடியில் குச்சிகள் நின்றன. செடி என்று சொல்லத்தக்கது கொஞ்சம் இருந்தது. காய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வேறு ஒருவராக இருந்தால், செத்த செடியைக் காட்டி உண்மையை ஒப்புக்கொண்டிருப்பார், அல்லது காய்ச்சல் என்று படுத்திருப்பார். சும்மாக்காரர் பையை எடுத்துக்கொண்டு, வழக்கமான காய்க்கடையைத் தாண்டி, தெரிந்த முகம் இல்லாத தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தார். மனைவியின் தையல் பெட்டியைத் திறந்து பச்சை நூல்கண்டைத் தேடி எடுத்தார். கருகின இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, படிக்கட்டில் அழகுக்கு வைத்திருந்த பூந்தொட்டிகளைத் தூக்கிவந்து இடைவெளியில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு செடியாகக் காய் கட்ட ஆரம்பித்தார். தோட்டத்தில் எதுவுமே செய்யாதவர் அன்று முதுகு ஒடியச் செய்தார். கத்தரிக்குக் கத்தரி, தக்காளிக்குத் தக்காளி, பந்தல் குச்சியில் ஒரு சுரைக்காய். கடைசியில் வெண்டை. காம்பில் நூலைச் சுற்றி, கிளையில் முடிச்சுப் போட்டு, அழகாக வரிசையாகத் தொங்கவிட்டார். எட்ட நின்று பார்த்தார். அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. சும்மா விட்டால் காய்க்கத்தான் செய்கிறது!

எத்தனையோ மாலை அந்த நாற்காலியில் சாய்ந்து அதே வெண்டைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வெண்டைக்காய் செடியில் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும், கீழே தொங்காது என்பது அவர் கண்ணில் ஒருநாளும் படவில்லை.

ஞாயிறு காலை பல் டாக்டர் தலைமையில் குடியிருப்பே மாடி ஏறியது. நல்ல வேளை, வந்தவர்கள் எல்லோரும் வெண்டைக்காயைத் தராசில் மட்டுமே சந்தித்தவர்கள். ஆகா என்றார்கள். என்ன காய்ப்பு என்றார்கள். சும்மாக்காரர் காட்டிலிருந்து புறப்பட்டு மலையை நோக்கிப் பேசிக்கொண்டிருந்தார். வக்கீல் மட்டும் பேச்சைக் கேட்காமல் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

“இதென்ன, செடிக்கெல்லாம் துணி கட்டியிருக்கு?”

சும்மாக்காரர் திரும்பிப் பார்த்தார். தக்காளிக் கிளைகளில் நீலம், சிவப்பு, பூப்போட்டது, கோடு போட்டது என்று எத்தனையோ துணி முடிச்சுகள். அவை எப்போதிலிருந்து அங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. தன் தோட்டத்தை அவர் அப்போதுதான் முதல்முறை பார்த்தார் என்றே சொல்லலாம்.

“அது காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியறதுக்கு.”

“யாருக்குத் தெரியணும்? உங்களுக்கா, செடிக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

வக்கீல் தலையை ஆட்டிவிட்டுக் கத்தரிச் செடியின் பக்கம் போனார். ஒரு காயை மெல்லப் பிடித்தார். அது நூலோடு கையில் வந்துவிட்டது. பச்சை நூல் காம்பில் சுற்றித் தொங்கியது. பேச்சு மலையில் பாதி வழியில் நின்றது. எல்லோரும் வக்கீல் கையைப் பார்த்தார்கள்.

“அது நான் கட்டினது” என்று படிவாசலில் ஒரு குரல் கேட்டது.

கையில் பெட்டியோடு அவருடைய மனைவி நின்றிருந்தாள். அக்கா நடக்க ஆரம்பித்துவிட்டதால் காலை வண்டியில் வந்தவள், வீடு பூட்டியிருக்கவே மேலே ஏறி வந்திருந்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். மாடியை ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். குச்சிகளையும், படிக்கட்டுப் பூந்தொட்டிகளையும், தன் நூலையும் பார்த்தாள். வெண்டையின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

“காய் கனத்தைக் காம்பு தாங்காதுன்னு ஊருக்குப் போகும்போது நான்தான் நூல் போட்டுக் கட்டிவச்சேன்” என்றாள் வக்கீலிடம். பிறகு கணவர் பக்கம் வந்து, உதடு அசையாமல் கேட்டாள். “வெண்டைக்காய் ஏங்க தலைகீழா தொங்குது?”

“களைப்பா இருக்கும்” என்றார் சும்மாக்காரர், அதே மெல்லிய குரலில்.

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தும்முவதுபோல் திரும்பிக்கொண்டாள். பல் டாக்டர் அவளிடமே கேட்டார். முழு மாடியையும் இவரிடம் ஒப்படைப்பதாக இருக்கிறோம், உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா, கூடமாட நீங்கள் உதவி செய்ய வேண்டியிருக்குமோ என்றார்.

“நானா?” என்றாள் அவள். “அந்த நூல் போட்டதோட சரி. எனக்கு இதுல வேற வேலையே கிடையாதுங்க. ஒண்ணும் செய்ய வேணாம்னுதான் அவரே சொல்றாரே. முழு மாடியையும் தாராளமா குடுங்க. அவருக்கு ஒரு சிரமமும் இல்ல.”

எல்லோரும் கைதட்டினார்கள். வக்கீல்கூட ஒரு தட்டுத் தட்டினார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டாமல் சும்மாக்காரர் எல்லோருக்கும் கைகூப்பினார். கூட்டம் கலைந்து, கடைசிச் செருப்புச் சத்தமும் படியில் இறங்கியபிறகு, அவள் மூலைக்குப் போய்க் கவிழ்ந்திருந்த வாளியை நிமிர்த்திக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். அவர் வாளியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மாடியின் நீளத்தையும் அகலத்தையும் ஒருமுறை பார்த்தார்.

“எல்லாமேவா?”

“எல்லாமே. புது விதை நாளைக்கு ஊனலாம். பூ வந்ததும் சொல்லுங்க, ஆண் பூ எது, பெண் பூ எதுன்னு காட்டறேன்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்.”

அவள் வெண்டைச் செடியைப் பார்த்தாள்.

“காட்டு” என்றார் அவர்.

இப்போது அந்த மாடியைப் பார்த்தால் கண் நிறையும். குடியிருப்புக்கே காய் போகிறது. சும்மாக்காரர் காக்கை எழுமுன் எழுந்து மாடி ஏறுகிறார். இலையைத் திருப்பிப் பார்க்காத நாள் இல்லை. சுரைப்பூ விரியும் நேரம் அவருக்குத் தெரியும். எந்தத் தொட்டியில் ஈரம் இருக்கிறது என்று சருகைத் தொடாமலே சொல்வார். ஆனால் யாரிடம் சொல்வது? செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எவர் கண்ணிலாவது பட்டுவிட்டால், சொல்லிவைத்த காடும் மலையும் என்னாவது? ஆகவே படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் வாளியோடு தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்வார்.

முன்னால் பிரம்பு நாற்காலியில் அவர் மனைவி சாய்ந்திருப்பாள். மடியில் ஒரு ரவிக்கை, கையில் ஊசி. பார்க்க வந்தவர்கள் மலைத்துப்போய், இவ்வளவு காய்க்கிறதே, இதற்கு என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

“ஒண்ணுமே பண்றதில்லீங்க” என்பாள் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. “சும்மா விட்டாலே காய்க்கும்.”

டேங்குக்குப் பின்னால், முழங்காலெல்லாம் மண்ணாக, ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ‘நான்தாங்க’ என்று ஒரு வார்த்தை அவர் உதடு வரை வரும். வந்த வழியே திரும்பிப் போகும்.

சிரித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். உங்களுக்குத் தோட்டமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் கை நீட்டும்போதெல்லாம் கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா? அறுந்துபோன சட்டைப் பொத்தான், நீங்கள் அதை மறந்த பிறகு, மறுபடி முளைத்திருக்கிறதா? நிறைந்த குப்பைக்கூடை காலையில் காலியாகிவிடுகிறதா? இதையெல்லாம் படித்துவிட்டு, ‘எங்க வீட்ல அதெல்லாம் தானா நடக்கும்’ என்கிறீர்களா? ரொம்ப நல்லது. நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். எங்கேயாவது வாளியைக் கவிழ்க்கிற சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.